லண்டனில் இருந்துகொண்டு பேசாலை அம்மாவைத் தரமாகப் பராமரிப்பது எப்படி?

இந்த வழிகாட்டி எல்லோருக்குமானது அல்ல. மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்து, வெற்றி அன்னை கோவிலில் முதல் நன்மை வாங்கி, சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறியோ கொழும்புக்கு ஓடியோ எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்து, இன்று அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சீனியர் கேரராக நிற்கிறவருக்கு மட்டும். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. அப்பா காலமாகிவிட்டார். அம்மா கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருக்கிறார், கூட நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்த ஒருவர். கனடாவிலும் பிரான்ஸிலும் இருப்பவர்களும் வாசிக்கலாம். நாட்டின் பெயரை மாற்றிக்கொண்டால் சரி.

உங்களுக்கு வேலை தெரியும் என்பதுதான் இதில் விசேஷம். இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பையும் பரிசோதிக்கிற கேர் குவாலிட்டி கொமிஷன் 2009இல் வேலை தொடங்கியது. அவர்கள் கேட்கிற ஐந்து கேள்விகளை நீங்கள் நித்திரையிலும் சொல்வீர்கள்: பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, ஆளின் தேவையறிந்து நடக்கிறதா, நிர்வாகம் ஒழுங்கா. பார்த்துவிட்டு ‘மிகச் சிறப்பு’ தொடங்கி ‘போதாது’ வரை நாலு தரத்தில் ஒன்றைப் போடுவார்கள். அந்தத் தரத்தை வந்து போகிறவர் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். படுக்கையில் கிடப்பவரை எப்போது புரட்ட வேண்டும், தேத்தண்ணி எவ்வளவு உள்ளே போனது, குளிசை கொடுத்தவர் எந்தக் கட்டத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், எல்லாம் உங்களுக்குக் கரதலப்பாடம். நல்ல செய்தி, அம்மாவின் விஷயத்தில் இதில் ஒன்றும் தேவைப்படாது. கழுத்தில் தொங்குகிற அட்டையோடு அதையும் லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

முதலில் கமரா

ஆள் வைக்க முன்பே கமரா வைக்க வேண்டும். மன்னார் டவுணில் இருந்து ஒரு பெடியன் வந்து பூட்டித் தருவான். வைஃபை பெட்டி விறாந்தையில் இருப்பதால் கமராவும் விறாந்தையில்தான். அம்மா கதிரையில் இருந்து செபமாலை உருட்டுவது மணி மணியாகத் தெரியும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்து, “அம்மா, இண்டைக்கு வடிவா இருக்கிறீங்கள்” என்று சொல்லலாம். பக்கத்துச் சீட்டில் இருக்கிற வெள்ளைக்காரிக்கும் காட்டலாம்.

அம்மா விழப்போகிற இடம் விறாந்தை அல்ல. கிணற்றடியில் இருக்கிற கக்கூஸ். அதற்குப் போக குசினிக்குப் பின்னால் இரண்டு படி இறங்க வேண்டும். இரண்டாவது படி முதலாவதைவிட நாலு விரற்கடை ஆழம். மேசன் அப்படிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். கீழே, சோளகக் காற்று கொண்டுவந்து குவித்த மணல். பிடிக்கச் சுவரில் ஒன்றுமில்லை, உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிறுதான். மூத்திரம் போக்குகிற பிறஷர் குளிசையின் புண்ணியத்தில் அம்மா இரவு இரண்டு மணிக்கு எழும்புவார். மின்குமிழ் பூச்சி விழுகிறது என்று நிறுத்தியிருக்கும். கயிறு ஆடும்.

உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 684,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அறுபது தாண்டியவர்களே அதிகம். ஒரு கைபிடிக் கம்பி, ஒரு மின்குமிழ், படியை உடைத்து ஒரு சரிவு: மேசனுக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் கைபிடிக் கம்பியை லண்டனில் இருந்து பார்த்து ரசிக்க முடியாது. ஆகவே கமரா.

கமராவை ஒரேயடியாகக் கேலி செய்யவும் கூடாது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற இடத்தில் கற்றல் குறைபாடுள்ளவர்களை அடித்து இழுத்துப் படுத்திய கொடுமை 2011 மே மாதம் வெளியே வந்ததே பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி ஒளித்துவைத்த கமராவால்தான். பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் ஆறு பேர் மறியலுக்குப் போனார்கள். ஆனால் அதற்கு முன்னமே அங்கே வேலை செய்த தாதி ஒருவர் நிர்வாகத்துக்கு எழுதி, பிறகு கொமிஷனுக்கும் அறிவித்திருந்தார். ஒருவரும் அசையவில்லை. இதை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிற மச்சாள் விஷயத்தில் தேவைப்படும்.

ஆள் பிடித்தல்

இது கொஞ்சம் கஷ்டம். இலங்கையில் அறுபத்தைந்து தாண்டியவர்கள் 2012 சனத்தொகைக் கணக்கில் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். பார்க்க வேண்டியவர்கள் கூடிக்கொண்டு வர, பார்க்கக்கூடியவர்கள் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். கைகாரியமான பெண்கள் குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் குளிக்க வார்க்கிறார்கள். என்.வி.கியூ. பராமரிப்பாளர் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு இஸ்ரேலும் யப்பானும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. 2022 பெப்ரவரியில் பிரிட்டன் கேர் வேலைக்கு விசா கொடுக்கத் தொடங்கி, 2025 ஜூலை 22ஆம் திகதி வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. இடையில் எத்தனை தாய்மாரை விட்டுவிட்டு எத்தனை பிள்ளைகள் வேறு தாய்மாரைப் பார்க்கப் போனார்கள் என்பது அவரவர் வீட்டுக் கணக்கு. உங்களையும் சேர்த்துத்தான்.

ஊரில் மிச்சம் இருப்பவர் ஐம்பத்தேழு வயது விதவை. மகள் கலியாணம் முடித்து வங்காலையில். முழங்காலில் நோ. இவரை நீங்கள் ‘வேலைக்கு நிக்கிற பிள்ளை’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை உங்களை “தம்பி” என்பார்.

சம்பளம் பேசும்போது இரண்டு இலக்கங்களை ஒரே நேரத்தில் நினைக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் இலங்கையில் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. அதே மாதம் பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுண் ஆனது. நீங்கள் ஒரு பகல் ஷிஃப்ட் நின்றால் அவருடைய ஒரு மாதம் முடிந்துவிடும். ஆகையால் 25,000 சொல்லுங்கள். “சாப்பாடு எங்கட” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சாப்பாட்டைச் சமைப்பவரும் அவர்தான் என்பதை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

வேலை நேரம்? இதில் பேசாலை பிரிட்டனை வென்றுவிட்டது. அங்கே பராமரிப்பவர் வேலைத்தலத்தில் படுத்துத் தூங்குகிற நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டா என்று வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை இழுத்து, 2021 மார்ச் மாதத்தில்தான் இல்லை என்று தீர்ப்பு வாங்கினார்கள். பேசாலையில் அந்தத் தீர்ப்பு அம்மாவின் அறைவாசலில் ஒரு பாயை விரிப்பதோடு முடிந்தது. இரவில் அம்மா ஐந்து தரம் கூப்பிடுவார். முதல் மாதம் பிள்ளை ஐந்து தரமும் எழும்புவார். மூன்றாம் மாதம் மூன்று தரம். ஆறாம் மாதம் அம்மா கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தானே எழும்பி நடப்பார். நான் ஊரில் இருந்து பார்க்கிறவன். எனக்குத் தெரிந்து இந்தத் தீவில் வயதானவர்களின் பாதுகாப்பு அளக்கப்படுவது வேறெதிலும் அல்ல, பார்க்கிற மனுசி முந்தின இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தார் என்பதில்தான். வாரத்தில் இரண்டு இரவுக்கு இன்னொருவரை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் அதற்குச் செலவு வரும், அது கமராவில் தெரியாது.

பயிற்சி கொடுக்க வேண்டாம். அம்மாவைக் கதிரையில் இருந்து எழுப்ப அவர் இரண்டு கைகளையும் அம்மாவின் கமக்கட்டுக்குள் கொடுத்துத் தூக்குவார். உங்கள் இல்லத்தில் ஒருவர் இப்படித் தூக்கினால் அன்றைக்கே எழுதிவைப்பீர்கள், தோள்மூட்டு விலகும், தூக்குகிறவரின் நாரியும் போகும் என்று வகுப்பும் எடுப்பீர்கள். கதிரை நுனிக்கு முன்நகர்த்தி, பாதத்தைப் பின்னுக்கு வைத்து, மூக்கு முழங்காலுக்கு மேல் வரச் சாயவிட்டு, அவரையே எழும்பச் சொல்வதற்கு ஒரு வீடியோ அழைப்புப் போதும். அந்த நேரத்தில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்கைக் காட்ட வேண்டியிருக்கும்.

ஒருநாள் பிள்ளை சொல்வார்: “தம்பி, அம்மாட குதிக்கால்ல சின்னதா ஒரு கறுப்பு.” இதற்குச் சரியான பதில், “தேங்காயெண்ணெய் பூசுங்கோ அக்கா.” உங்களுக்கு உண்மை தெரியும். வெள்ளைத்தோலில் சிவந்து காட்டுகிற படுக்கைப் புண் எங்கள் நிறத்தில் சிவக்காது. கறுத்து, தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், சில வேளை கல்லாக இறுகியிருக்கும். விரலால் அமத்தி எடுத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற சோதனையும் எங்கள் நிறத்தில் சரியாகக் காட்டாது. அன்றைக்கே கெண்டைக்காலுக்குக் கீழே தலகாணி வைத்துக் குதிக்கால் பாயில் படாமல் விட்டால் பெரும்பாலும் ஆறும். இரண்டு கிழமை விட்டால் எலும்பு தெரியவும் கூடும். இதற்கு ஒரு தலகாணி வேண்டும். வீட்டில் ஆறு இருக்கின்றன, விருந்தினர் அறையில், பொலித்தீன் உறையோடு, நீங்கள் வரும்போது பாவிக்க.

குளிசை

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதாமாதம் சும்மா தருகிற குளிசைகள் சின்னக் கடதாசி உறைகளில் வரும். அவை மலிபன் பிஸ்கட் தகரத்துக்குள் போகும். அதற்குள் போன மாதத்து மிச்சமும் இருக்கும், கொழும்பு ஸ்பெஷலிஸ்ட் எழுதியதும் இருக்கும், நீங்கள் கொண்டுவந்த மீனெண்ணெயும் இருக்கும். கிளினிக் டொக்டருக்குக் கொழும்பு டொக்டரைத் தெரியாது, இரண்டு பேருக்கும் லண்டனைத் தெரியாது. ஒரே பிறஷர் குளிசை இரண்டு பெயரில் அம்மாவின் வயிற்றுக்குள் சந்தித்துக்கொள்ளும். தலைசுற்றும். அந்தப் படிகள் ஞாபகம் இருக்கிறதல்லவா?

தகரத்தை வெளியே கொட்டி, கிளினிக் கொப்பியோடு மருந்தகத்தில் காட்டி, காலை இரவு என்று பெட்டியில் பிரித்தால் பிரச்சினை தீரும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் செய்ய வேண்டாம்.

கேற்றைப் பூட்டுதல்

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டால் விடியப்புறம் எழும்பிக் கடற்கரைக்குப் போவார். அப்பாவின் வள்ளம் வரும் நேரம் என்று நினைப்பு. முதல்நாள் மீன் ஏற்றவந்த வான்காரர் கூட்டிவந்து விடுவார். இரண்டாம் நாள் நீங்கள், “கேற்றைப் பூட்டி வையுங்கோ” என்பீர்கள். மூன்றாம் வாரம் பிள்ளைக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது அறைக்கதவு. பிறகு, “கட்டிலோட ஒரு சீலைத் துண்டாலை, சும்மா மெதுவா.”

உங்கள் இல்லத்தில் மறதிக்காரர் ஒருவரை வெளியே போகவிடாமல் தடுத்து வைப்பதற்கு 2009 ஏப்ரலில் இருந்து உள்ளூராட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பிய கையால்தான் சீலைத்துண்டு யோசனையைத் தட்டச்சு செய்கிறீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நேராகப் பேசுகிறேன். கடலுக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் பொல்லாதவர்கள் அல்ல. அங்கே இருக்கிற தர்காவில் சுகம் கிடைக்கும் என்று நம்பியவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள், மாதம் தவறாமல் காசு அனுப்பியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். கட்டி வைத்ததும் பாதுகாப்புக்காகத்தான், ஓடிப்போய்விடக் கூடாது என்று. பேசாலை வீட்டில் மின்சாரம் நின்றால் மெழுகுதிரிதான் கொளுத்துவார்கள். கேற்றின் திறப்பு பிள்ளையின் இடுப்பில், பிள்ளை கடையில்.

முறைப்பாடு

பக்கத்து வளவு மச்சாள் போன் எடுப்பாள். “மச்சான், மாமி மெலிஞ்சு போனா. தண்ணி குடிக்கிறாவில்லை போல கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ.” இதை இப்படிப் புரிந்துகொள்ள வேண்டும்: மச்சாளுக்கு எல்லைவேலிப் பிரச்சினை இருக்கிறது, அவளுடைய மகனை நீங்கள் லண்டனுக்கு எடுக்கவில்லை என்ற கோபமும் இருக்கிறது. கமராவைத் திறந்து பாருங்கள். அம்மா கதிரையில் இருக்கிறார். சுகம்தான். வின்டர்போர்ன் வியூவிலும் தாதியின் கடிதத்தை இப்படித்தான் ஒருவர் மடித்து வைத்திருப்பார்.

அம்மா ஏன் தண்ணி குடிப்பதில்லை என்று மச்சாளைக் கேட்டால் சொல்வாள். குடித்தால் இரவில் போக வேண்டும், போனால் அந்தப் படி. கேட்காதீர்கள்.

அம்மாவிடமே கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் ஸ்பீக்கரில், பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது. “ஒரு குறையுமில்லை ராசா” என்பார்.

அம்மா விழுந்தால் முதலில் உங்களுக்குத்தான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் அனுமதி முக்கியம். பேசாலையில் விடிய ஐந்து மணி என்றால் லண்டனில் முந்தின இரவு. நீங்கள் இரவு ஷிஃப்டில், போன் லொக்கரில், அட்டைக்குப் பக்கத்தில்.

பரிசோதனை

இங்கிலாந்தில் கொமிஷன்காரர் பெரும்பாலும் சொல்லாமல் வந்து நிற்பார்கள். நீங்கள் மடுத் திருநாளுக்கு ஆகஸ்டில் வருவீர்கள், மூன்று மாதத்துக்கு முன்னமே குடும்ப வட்ஸ்அப்பில் திகதி போட்டு. வீட்டுக்கு வெள்ளை அடித்திருக்கும். கட்டிலுக்குப் புது விரிப்பு. சில்லுக்கதிரை துடைத்து வைத்திருக்கும். மணலில் அதன் சில்லு உருளாது, அதனால் நீங்கள் போன தரம் விட்ட இடத்திலேயே நிற்கும். அம்மாவை அதில் இருத்திப் படம் எடுங்கள். சீலா மீன் குழம்பு. பிள்ளைக்கு ஒரு சாறி. குதிக்காலுக்கு மேஸ் போட்டிருக்கும், குளிர் என்று சொல்வார்கள், ஆகஸ்டில், மன்னாரில்.

மனச்சாட்சி குத்தினால் ஒரு ஆறுதல் உண்டு. 2024இல் பெனி டாஷ் என்ற மருத்துவர் அந்தக் கொமிஷனையே பரிசோதித்து அறிக்கை எழுதினார். முதியோர் இல்லத்தைப் பரிசோதிக்கப் போகிற ஒருவர் மறதி நோயாளி ஒருவரை வாழ்நாளில் சந்தித்ததே இல்லை என்றும் அதில் வந்தது. அங்கேயே அப்படியென்றால் உங்களுக்கென்ன. நீங்கள் அம்மாவைச் சந்தித்தாவது இருக்கிறீர்கள்.

சட்டம் பற்றிப் பயப்பட வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று புறக்கணிக்கக் கூடாது என்கிறது. நீங்கள் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லையே. பராமரிப்புச் செலவு கேட்டு, அந்தச் சட்டப்படி அமைந்த சபைக்கு அம்மா விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் இதற்கென்று உத்தியோகத்தரும் இருக்கிறார். ஆனால் மகனுக்கு எதிராகக் கையெழுத்து வைக்கிற தாயை நான் இந்த ஊரில் இன்னும் காணவில்லை. மற்றபடி, முதியோர் இல்லம் நடத்தினால் பதிவு, பார்வை, அறிக்கை எல்லாம் உண்டு. ஒரு வீட்டுக்குள் ஒரு அம்மா மட்டும் இருந்தால் அது இல்லம் அல்ல. ஒருவரும் வரமாட்டார்கள்.

பிற்பாடு

அம்மா போனபின் தரத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. செத்தவீட்டை நாலு நாட்டுக்கு நேரலை விட வேண்டும். விறாந்தைக் கமரா இதற்கும் உதவும். கல்லறைக்குக் கறுப்புக் கிரனைட். 31ஆம் நாள் பூசைக்கு ஊர்ச் சாப்பாடு, கல்வெட்டுப் புத்தகம் ஆர்ட் தாளில்.

அதன்பிறகு அம்மாவின் பெயரில் பேசாலையில் ஒரு முதியோர் இல்லம் திறந்துவிடுங்கள். இப்போது உங்கள் பயிற்சி முழுக்கப் பிரயோசனப்படும்: கக்கூசில் கைபிடிக் கம்பி, சரிவுப்பாதை, குளிசைப் பதிவேடு, இரவுக்குத் தனி ஆள், முறைப்பாட்டுப் பெட்டி, ஐந்து கேள்விகளையும் தமிழில் எழுதிச் சுவரில் சட்டம் போட்டு. பதிவுப் படிவத்தை லண்டனில் இருந்தே நிரப்பலாம். பணியாளர் பகுதிக்கு அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். ஊரில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார், அம்மாவைப் பார்த்த பிள்ளை. போன் எடுத்துக் கேளுங்கள். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு, முழங்கால் மடங்காது, நாரி போய்விட்டது. வருகிறேன் என்றுதான் சொல்வார். எந்தப் படிவத்தில் தன் பெயரை எழுதுவது, வேலைக்காரர் படிவத்திலா, இருக்க வருகிறவர் படிவத்திலா என்று மட்டும் கேட்பார்.